பீரோவுக்குள் போகாத வாசனை

அம்மாவின் பீரோவை நான் திறந்தால் அம்மா கூடத்தை விட்டு எழுந்து திண்ணைக்குப் போய்விடுவாள். மூன்று வருடம் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. காரணம் நான்.

கும்பகோணத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அம்மாவின் கூறைப்புடவையைக் கட்டிக்கொள்ளக் கேட்டேன், யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். அம்மா பிறந்தது மாயவரம் கூறைநாட்டில். அந்த ஊர்ப் பெயர்தான் அந்தப் புடவைக்கும். பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்த சிவப்புப் புடவை. தாலி ஏறும்போது அவள் கட்டியிருந்தது. நான் கட்டி முடித்து, பின் குத்தி, கடைசியாகப் புதிதாக வாங்கிய சென்ட் பாட்டிலை எடுத்து முந்தானையில் இரண்டு, தோளில் இரண்டு, கொசுவத்தில் இரண்டு என்று அடித்துக்கொண்டேன். விளம்பரத்தில் அப்படித்தான் அடிக்கிறார்கள். யாரும் அது தப்பென்று எனக்குச் சொன்னதில்லை.

மண்டபத்தில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தோள்பட்டையில் மூன்று திட்டுகள். சென்ட்டில் இருக்கிற சாராயம் பட்ட இடத்தில் சாயம் இளகி ஓரம் கட்டியிருந்தது. ஊருக்கு வந்து ஒரு ராத்திரி கொடியில் போட்டு, மறுநாள் மடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மா பீரோவைத் திறந்தாள். அவளுக்கு இருபது வருடமாக இழுப்பு உண்டு. திறந்த இடத்திலேயே இருமல் பிடித்து, இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தும் அடங்க அரைமணி ஆனது. அது ஒரு பக்கம். அதை விடப் பெரியது மறுநாள்தான் தெரிந்தது. அப்பா போன பிறகு அவருடைய ஒரு வேட்டியையும் ஒரு துண்டையும் அம்மா துவைக்காமல் மடித்து அதே தட்டில் வைத்திருந்தாள். திருநீறும் வெற்றிலையும் களத்து நெல் தூசியும் கலந்த ஒரு வாசனை அந்தத் துண்டில் இருந்தது. எப்போதாவது அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அன்று எடுத்தவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "உங்கப்பா துண்டுல உன் சென்ட்டுதான்டி அடிக்குது" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சென்ட்டே போடாதே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது முடியாது. சின்ன வயதிலிருந்தே வாசனை என்றால் எனக்கு உயிர். காலையில் பேருந்து ஏறி, குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று நின்று நின்று கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். நாள் முழுக்கப் பிள்ளைகள் நடுவில் நிற்கும் வேலை. மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனால் ஒரு நல்ல வாசனை இருக்கிறது என்பது எனக்கு ஒரு தெம்பு. அதனால் விடுவது என்ற பேச்சே இல்லை. என் மேல் இருக்கட்டும், துணி மேல் இருக்கக் கூடாது. அதற்கு வழி உண்டா என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றுதான். தோலில் சாயங்காலத்துக்குள் போய்விடுகிற வாசனை, துணியில் ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது?

சென்ட் பாட்டிலில் இருப்பதில் பெரும்பங்கு எத்தனால், அதாவது சாராயம். அது சில நிமிடத்தில் பறந்துவிடும். மிச்சமிருப்பவை வாசனை எண்ணெய்கள். அவை எல்லாம் ஒரே வேகத்தில் பறப்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கிற லிமோனின் 10 கரியணுக்கள் கொண்ட சின்ன மூலக்கூறு. வந்த வேகத்தில் போய்விடும். சந்தனத்தின் சந்தலால் 15 கரியணு கொண்டது, மெல்லத்தான் எழும்பும். புனுகின் வாசனைக்குக் காரணமான சிவெட்டோன் 17 கரியணுக்கள் வளையமாகக் கோத்தது. அந்த வளையத்தின் அமைப்பை லியோபோல்ட் ருஜிச்கா 1926-இல் கண்டு சொன்னார். 1939-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஊர்தான் நினைவுக்கு வந்தது. கூறைநாட்டில் இருக்கிற சிவன் கோயில் சுவாமியின் பெயர் புனுகீசுவரர். புனுகுப் பூனை தன் புனுகைச் சாத்தி வழிபட்ட தலம் என்பார்கள். உலகத்திலேயே விடாப்பிடியாக ஒட்டுகிற வாசனைகளில் ஒன்றின் பெயரில் சுவாமி, கோயிலைச் சுற்றி நெசவாளர் தெருக்கள். வாசனையும் துணியும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்த ஊரில் பிறந்தவளின் புடவையைத்தான் நான் கெடுத்தேன்.

சரி, தோலுக்கும் துணிக்கும் என்ன வித்தியாசம்? தோல் சூடாக இருக்கிறது. அந்தச் சூடு எண்ணெயை மெல்ல மெல்லக் கிளப்பிவிடுகிறது. தோல் கொஞ்சம் உறிஞ்சுகிறது, ராத்திரி குளித்தால் மிச்சமும் போகிறது. துணிக்குச் சூடு கிடையாது, தினம் குளியலும் கிடையாது. நூலின் இடுக்குகளில் எண்ணெய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அதிலும் பாலியெஸ்டர் மோசம். அந்த இழை தண்ணீரைச் சேர்க்காது, எண்ணெயை விடாது. பருத்தி தண்ணீரைக் குடிக்கிற இழை. சோப்புத் தண்ணீர் உள்ளே போய் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் ஒரே நாளில் ஒரே சென்ட் பட்ட பருத்தி ரவிக்கை இரண்டு துவையலில் சரியாகிவிட, சிந்தெடிக் புடவை ஆறு துவையலுக்குப் பிறகும் பேசிக்கொண்டே இருந்தது. பட்டுப் புடவையை வீட்டில் அடிக்கடி அலசவும் முடியாது, வெந்நீர் காட்டவும் முடியாது. அதில் விழுந்தால் காற்றுதான் கதி.

இன்னொன்றும் உண்டு. மூடிய பீரோவுக்குள் ஒரு துணியில் இருந்து எழும்புகிற வாசனை வேறெங்கே போகும்? பக்கத்துத் துணியில் போய் உட்காரும். அப்பாவின் துண்டுக்கு நடந்தது அதுதான்.

போட்டவளுக்கே இது தெரியாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். வாசனை போய்விட்டது என்று நினைத்து நாம் மறுபடி அடித்துக்கொள்வோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நீங்க படி ஏறும்போதே எங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்று ஆசையாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் என் புடவை மாட்டியிருந்த அறைக்கு, ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு நுழைந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. தலைவலிக்காரப் பிள்ளை யாராவது அந்த வகுப்பில் இருந்திருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்குமா?

அதன் பிறகு என் காலை வேளையின் வரிசையை மாற்றினேன். முன்பு புடவை கட்டி, தலை வாரி, கடைசியில் சென்ட். இப்போது குளித்துத் துடைத்ததும் முதல் வேலை சென்ட்தான். இடது முழங்கை மடிப்பில் ஒரே ஒரு அழுத்து. மற்ற கையை அதன் மேல் ஒற்றி எடுப்பேன், தேய்க்க மாட்டேன். பிறகு நைட்டியோடு காபி போட்டு, சாப்பாட்டு டப்பா கட்டி, பத்து நிமிடம் கழித்துத்தான் ரவிக்கையைத் தொடுவேன். அதற்குள் சாராயம் முழுக்கப் பறந்து, எண்ணெய் தோலில் படிந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது துணி பட்டால்தான் துணி அதை அதிகம் உறிஞ்சுகிறது.

கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் போடுவதுதான் வழக்கம் என்றாலும், ரவிக்கைக் கழுத்தும் முந்தானையும் ஓயாமல் உரசுகிற இடம் அது. ஆண்களுக்குச் சட்டைக் காலர். காலரில் வாசனையும் வியர்வையும் கலந்து ஒரு முடை வாடை பிடித்துவிட்டால் இஸ்திரி போடும்போது தெரியும், பெட்டி பட்டதும் குப்பென்று கிளம்பும். என் தம்பிக்குக் காலருக்கு வெளியே, அரைக்கைச் சட்டை முடிகிற இடத்துக்குக் கீழே போடச் சொன்னேன். உள்ளே ஒரு பருத்தி பனியன் கட்டாயம். மார்பில் போட்டாலும் பனியன் தாங்கிக்கொள்ளும், பனியனை அன்றன்றைக்கு வெந்நீரில் அலசிவிடலாம்.

முழங்கையில் போடுவதில் ஒரு எச்சரிக்கை. கொலோன் என்கிற லேசான சென்ட் வகைகள் பலவற்றில் பெர்கமோட் எண்ணெய் இருக்கும். நம் நார்த்தைக்குத் தூரத்து உறவான ஒரு பழத்தின் தோலிலிருந்து எடுப்பது. அதிலுள்ள பெர்காப்டென் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் எரிந்து கருத்துப்போகும். இப்போது அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயும் வருகிறது. ஆனாலும் பங்குனி சித்திரையில் நம் ஊர் வெயிலில் நடந்து போகிறவர்கள் சென்ட் போட்ட இடத்தை முந்தானையால் மூடாமல், நிழல் படுகிற உட்புறமாகப் பார்த்துப் போடுவது நல்லது.

எதைப் போடுவது என்பதும் முக்கியம். நான் கல்யாணத்தன்று அடித்தது வெனிலாவும் மஸ்க் என்கிற கஸ்தூரி வாசனையும் நிறைந்த, கெட்டியான வகை. ஓ டி பர்ஃப்யூம் என்று போட்டிருந்தால் வாசனை எண்ணெய் ஏறக்குறைய 15-இலிருந்து 20 சதவீதம் வரை இருக்கும். கொலோன் வகையில் 2-இலிருந்து 5 சதவீதம்தான். பழைய ஆட்களுக்கு ஓடிகொலோன் நன்றாகத் தெரியும். காய்ச்சல் என்றால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709-இல் ஃபாரினா குடும்பம் தொடங்கிய கடையிலிருந்து பரவி, அந்த நகரத்தின் பெயரையே பெற்ற வாசனை அது. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் எல்லாம் சேர்ந்தது. காலையில் போட்டால் இடைவேளைக்குள் போய்விடுகிறது என்று அதைக் குறை சொல்வார்கள். எனக்கு வேண்டியதே அதுதான். பத்து மணிக்கு அது அடங்கும்போது வகுப்பில் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பழகியிருப்போம்.

அத்தர் விஷயத்தை நாகூரில் கற்றுக்கொண்டேன். தர்காவைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் அத்தர் கடைகள் உண்டு. கந்தூரி சமயத்தில், நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு வருகிற ராத்திரியில், அந்தத் தெருவின் காற்றே கனமாக இருக்கும். ஒரு கடையில் அத்தரை முந்தானையில் வைத்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் பாட்டிலை உடனே பின்னால் இழுத்துக்கொண்டார். "துணியில வேணாம் தங்கச்சி. இது எண்ணெய், கறை நிக்கும். கையைக் காட்டுங்க" என்றார். கண்ணாடிக் குச்சியின் நுனியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். அத்தரில் சாராயம் கிடையாது. பழைய முறையில் சந்தன எண்ணெயே அதற்கு அடிப்படை. சட்டென்று பறக்க ஒன்றும் இல்லாததால் துணியில் பட்டால் சென்ட்டை விட அதிக நாள் நிற்கும்.

"அப்ப துணியில படாம எப்படி பாய் போட்டுக்கிறது?" என்று கேட்டேன். அவர் பேசாமல் தலையைத் திருப்பிக் காதைக் காட்டினார். காதுமடலின் உள்மடிப்பில் கடுகளவு பஞ்சு. அதில் அத்தர். "எங்க வாப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான். வேணாம்னா எடுத்துப் போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

அந்தப் பஞ்சைப் பார்த்தபடியே நின்றேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். எங்கள் அம்மாயி வாழ்நாளில் ஒரு சென்ட் பாட்டிலைத் தொட்டதில்லை, ஆனால் சாயங்காலம் ஆனால் அவளைச் சுற்றி வாசனைதான். தலையில் பூ. மல்லிகை, இல்லாவிட்டால் மரிக்கொழுந்து. தஞ்சாவூர் போய் வந்தால் கதம்பம். பூ தலைமுடியில் இருக்கும், புடவையில் படாது. ராத்திரி படுக்கும் முன் கழற்றி வைத்துவிடுவாள். அதோடு அன்றைய வாசனை முடிந்தது. காலையில் வாடிய சரம் துளசி மாடத்தின் ஓரத்தில் கிடக்கும். கழற்றி வைக்க முடிகிற வாசனையை விட நல்ல வாசனையை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கல்யாண வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. சந்தனத்தைக் கையிலும் கழுத்திலும்தான் பூசுவார்கள், வேட்டியில் பட்டால் மஞ்சள் கறை. ஆட்கள் மேல், துணி மேல் தெளிப்பது பன்னீரை மட்டும். அது பெரும்பாலும் தண்ணீர்தான், ரோஜா வாசனை லேசாக ஏறியிருக்கும், பந்தி முடிவதற்குள் காய்ந்து போய்விடும். எது உடம்புக்கு, எது துணிக்கு என்று அந்த வாசலில் யாரோ என்றைக்கோ யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசலை எத்தனையோ தரம் தாண்டி உள்ளே போயிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

ஏற்கெனவே ஏறிவிட்ட வாசனையை எடுப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வினிகர், சமையல் சோடா இரண்டையும் முயன்றேன். வியர்வை வாடைக்கு உதவுகின்றன, சென்ட்டுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பருத்திக்கு வேலை செய்தது சூடும் ஈரமும்தான். வெந்நீரில் சோப்பு போட்டு ஊறவைத்து அலசி, நல்ல வெயிலில் காற்றோட்டமாக உலர்த்தி, அப்புறம் தண்ணீர் தெளித்து அழுத்தி இஸ்திரி போட்டால், ஆவியோடு சேர்ந்து வாசனை எழுந்து போகும். அந்த நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இழுப்புக்காரர் வீட்டில் இருந்தால் அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். பட்டென்றால் நிழலில், தாழ்வாரக் கொடியில், ஆடி மாசக் காற்றில் நாள்கணக்கில் தொங்கவிட வேண்டும். நேர் வெயில் சாயத்தை வெளுக்கும்.

துவைத்த பிறகும் ஒரு வாசனை விடாமல் இருந்தால் சென்ட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் சோப்புத் தூளையும் பேப்ரிக் கண்டிஷனரையும் முகர்ந்து பாருங்கள். துவையலில் போகாமல் இழையில் ஒட்டி நிற்க வேண்டும் என்றே தேர்ந்தெடுத்த செயற்கை மஸ்க் வகைகள் அவற்றில் உண்டு. கண்டிஷனரை நிறுத்திய பிறகுதான் அம்மாவின் போர்வை அவளுக்கு ஒத்துக்கொண்டது.

மழைக்காலம் தனிப்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்தில் துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. ஈரத்தில் நுண்ணுயிர் வளர்ந்து முடை நாற்றம் வரும். அதை மறைக்க அதன் மேலேயே பாடி ஸ்பிரே அடிப்பதைப் பேருந்தில் தினம் முகர்கிறேன். நாற்றம் அடியில் அப்படியே இருக்கும், மேலே சென்ட் ஒட்டும், உடம்புச் சூடு ஏற ஏற இரண்டும் சேர்ந்து கிளம்பும். அந்தத் துணியை மறுபடி அலசி, மின்விசிறிக்கு அடியில் போடுவது ஒன்றுதான் வழி.

அம்மாவின் பீரோவுக்கு வருகிறேன். எல்லாத் துணியையும் வெளியே எடுத்தோம். உள்ளே சோப்புத் தண்ணீரால் துடைத்து, கதவைத் திறந்தே ஒரு மாதம் விட்டோம். கூறைப்புடவையை வெள்ளை மல் துணியில் சுற்றித் தனித் தட்டில் வைத்தோம். அவ்வப்போது எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைப்பேன். கட்டிய புடவை எதுவும் அன்றே உள்ளே போகாது, குறைந்தது ஒரு ராத்திரி கொடியில். மூலையில் வெட்டிவேர் ஒரு பிடி. அதுவும் வாசனைதான், ஆனால் கிட்டே போனால்தான் தெரியும், அம்மாவுக்கு அது எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. தோள்பட்டைத் திட்டுகள் போகவில்லை. கொசுவத்தை மாற்றி மடித்து அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளிக் கட்டலாம் என்று அம்மாவே சொல்லிக் கொடுத்தாள்.

அப்பாவின் துண்டைத் துவைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்றாள். அதை மட்டும் காற்றில் போட்டோம், முற்றத்துக் கொடியில், மார்கழிப் பனி இறங்குவதற்கு முன் எடுத்து, மறுநாள் மறுபடி போட்டு. என் சென்ட் போய்விட்டது. அப்பாவின் வாசனை அதோடு போனதா, அம்மாவின் மூக்குக்கு மட்டும் இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. எப்போதாவது அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

போன தை மாதம் மாயவரத்தில் ஒரு வளைகாப்பு. அதே கூறைப்புடவைதான் கட்டினேன். அம்மா பின்னால் நின்று பூ வைத்துவிட்டாள். ஹேர்பின்னைக் குத்திவிட்டு, "சென்ட்டு போடலியா இன்னிக்கு?" என்றாள்.

"போட்டேம்மா. காலையிலயே."

"ஒண்ணும் தெரியலியே."

முழங்கை மடிப்பை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டு போனேன். இழுப்பு வந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் கொண்டு போனேன். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து முகர்ந்தாள்.

"நார்த்தை இலை கிள்ளின மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, பீரோவைச் சாத்தினாள்.